புளோரிடாவில் சான்று பெற்ற குடும்பச் சமரசர் மீது ஒழுங்கு நடவடிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விவாகரத்து, குழந்தைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம், சொத்துப் பிரிப்பு போன்ற வழக்குகளை நீதிபதி விசாரிப்பதற்கு முன்பே சமரசப் பேச்சுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அந்தப் பேச்சை நடத்தும் சமரசர் வரம்பு மீறினால் யாரிடம் முறையிடுவது, முறையிட்டால் என்ன நடக்கும் என்பதை அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலர் தெரிந்துகொள்ளாமலே அந்த அறைக்குள் போகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் வழக்கைப் பற்றிய ஆலோசனையை உங்கள் வழக்கறிஞரிடம்தான் பெற வேண்டும்.

குடும்பச் சமரசர் என்பவர் யார்? அவருக்குச் சான்று தருவது யார்?

சான்று தருவது புளோரிடா உச்ச நீதிமன்றம். வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதிபதிகளுக்கு வழங்கிய சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. அதன்பின் கவுன்ட்டி (சிறிய சிவில் வழக்குகள்), குடும்பம், சர்க்யூட் (பெரிய சிவில் வழக்குகள்), பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள், மேல்முறையீடு என வழக்கின் வகைக்கேற்பத் தனித்தனிச் சான்றுகள் வந்தன. குடும்பச் சான்று பெற 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஏற்கெனவே சான்று பெற்றவர்கள் நடத்தும் சமரசங்களில் உடனிருந்து பழக வேண்டும். கல்வி, அனுபவம் எல்லாம் சேர்த்து 100 புள்ளிகள் தேற வேண்டும். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணக்காளர்களும் உளவியல் துறையினரும் இந்தப் பணியில் இருக்கிறார்கள்.

அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இருவரும் பேசித் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வர உதவுவது மட்டுமே அவர் வேலை. முறைகேடு பற்றிப் பின்னால் சொல்லப்படும் எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது.

தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லாதவரைக் கட்டுப்படுத்த இத்தனை விதிகள் எதற்கு?

நீதிமன்றத்தில் நீதிபதி பேசுவது பதிவாகும், வழக்கறிஞர்கள் ஆட்சேபிக்கலாம், மேல்முறையீடும் உண்டு. சமரச அறையில் இவை எதுவும் இல்லை. கதவு மூடியிருக்கும். பேச்சைச் சுருக்கெழுத்தில் யாரும் எடுப்பதில்லை. உடன்பாடு ஏற்படவில்லை என்றால் அதை மட்டும்தான் சமரசர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கருத்தும் பரிந்துரையும் கூடாது என்று குடும்ப வழக்கு விதிகள் சொல்கின்றன. மனம் திறந்து பேசுவதற்கு இந்த மறைவு தேவைதான். அதே மறைவில் ஒருவர் நெருக்கப்பட்டால் வெளியே யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. இதை உணர்ந்தே புளோரிடா உச்ச நீதிமன்றம் 1992இல் சமரசர்களுக்கான நடத்தை நெறிகளையும், அவற்றை மீறுவோர் மீதான ஒழுங்கு நடைமுறையையும் சேர்த்தே கொண்டுவந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்திலும் குடும்பத்துப் பெரியவர்கள் கூடும் கூடத்திலும், "நான் சொல்கிறேன், கேள், இதோடு முடித்துக்கொள்" என்று ஒருவர் அதட்டி முடித்துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் சமரசர் அதட்டும்போது அதையும் அவர் கடமையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்கிறோம். புளோரிடாவின் விதிகளின்படி அது கடமை அல்ல, மீறல்.

எவையெல்லாம் தொழில்முறை முறைகேடு ஆகும்?

முதலில் வருவது வற்புறுத்தல். மேலே சொன்ன நடத்தை நெறிகளில் வரும் விதி 10.310, முடிவெடுக்கும் உரிமை முழுவதும் தரப்பினருக்கே உரியது என்கிறது. எந்தத் தரப்பையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களுக்காகச் சமரசர் முடிவெடுக்கவும் கூடாது என்கிறது. குரலை உயர்த்தினால்தான் வற்புறுத்தல் என்றில்லை. மாலை ஆறரை மணி. ஒரு பெண் காலையிலிருந்து தனி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர ஆள் இல்லை. மேசையில் பேனாவை அவள் பக்கமாகத் தள்ளிவைத்து, "இதில் கையெழுத்துப் போட்டால்தான் இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று மென்மையான குரலில் சமரசர் சொல்கிறார். இது விளக்கத்துக்காகச் சொல்லப்படும் கற்பனைக் காட்சிதான். ஆனால் விதி தடுக்க நினைப்பது இத்தகைய தருணங்களைத்தான்.

இதற்கு அடுத்தது, நீதிபதி என்ன செய்வார் என்று ஜோசியம் சொல்வது. தனக்குத் தகுதியுள்ள துறையில் பொதுவான தகவலைத் தருவதை விதி 10.370 அனுமதிக்கிறது. ஆனால் தரப்பினரை நெருக்கவோ, தகராறைத் தானே முடிக்கவோ, ஒரு முடிவை நோக்கித் தள்ளவோ தன் கருத்தைப் பயன்படுத்தக் கூடாது. "இந்த நீதிபதி அப்பாக்களுக்கு வார இறுதிக்கு மேல் தரமாட்டார், கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அந்தக் கோட்டைத் தாண்டிய பேச்சு. அதற்கு நேர்மாறாக, கையெழுத்திட இருப்பவர் தன் சட்ட உரிமை பறிபோவதைப் புரிந்துகொள்ளவில்லை என்று சமரசருக்குத் தோன்றினால், தனி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை உண்டு என்று அவர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். பேசாமல் இருந்துவிடுவதும் இங்கே மீறல்தான்.

மூன்றாவது நடுநிலை. வார்த்தையில் மட்டுமன்றித் தோற்றத்திலும் சார்பு தெரியக் கூடாது. பரிசோ கடனோ சலுகையோ பெறவும் தரவும் கூடாது. ஒரு தரப்பின் வழக்கறிஞரோடு முன்பு கூட்டாகத் தொழில் செய்தவர், கணவனுக்கோ மனைவிக்கோ முன்பு உளவியல் ஆலோசனை தந்தவர் போன்றோர் அதை முதலிலேயே வெளிப்படுத்த வேண்டும். அந்த உறவு அவருடைய நடுநிலையைத் தெளிவாகக் குலைப்பதாக இருந்தால், இரு தரப்பும் "பரவாயில்லை, நீங்களே நடத்துங்கள்" என்று சொன்னாலும் அவர் விலகியாக வேண்டும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். சம்மதத்தால் சரிசெய்ய முடியாத முரண்பாடும் உண்டு என்பதை விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரகசியத்தை எடுத்துக்கொண்டால், மறுதரப்பு இல்லாத தனிப் பேச்சில் நீங்கள் சமரசரிடம் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் மறுதரப்பிடம் சொல்வது மீறல்.

கட்டண விவகாரத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. கட்டண விவரத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். உடன்பாடு ஏற்பட்டால் இவ்வளவு, இல்லையென்றால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் வைக்கக் கூடாது. வழக்கை அனுப்பிவைத்தவருக்குத் தரகுத் தொகை தரக் கூடாது. நீதிமன்றமே நடத்தும் திட்டத்தின் வழியாகக் குடும்பச் சமரசம் நடந்தால் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயிக்கிறது: இருவரின் கூட்டு ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் ஓர் அமர்வுக்கு ஆளுக்கு 60 டாலர், அதற்கு மேல் 100,000 டாலருக்குள் இருந்தால் 120 டாலர்.

"கையெழுத்துப் போடாவிட்டால் நீதிபதியிடம் உங்கள் மீதுதான் தவறு என்று சொல்வேன்" என்றார் சமரசர். இப்படிச் சொல்லலாமா?

கூடாது. நீதிமன்றத்துக்குக் கருத்து எதையும் அனுப்பும் உரிமையே இல்லாதவர் இப்படிச் சொன்னால், தன்னிடம் இல்லாத அதிகாரத்தைக் காட்டி மிரட்டுகிறார் என்று பொருள்.

புளோரிடாவின் நான்காவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் தீர்த்த ஒரு விவாகரத்து வழக்கில் ஏறத்தாழ இதே குற்றச்சாட்டுதான் எழுந்தது. ஏழெட்டு மணி நேரம் நீண்ட சமரசப் பேச்சின் முடிவில் மனைவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தம்பதியின் உறைநிலைக் கருக்கள் அழிக்கப்படும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. பேச்சு முறிந்தால் அதற்கு நீங்களே காரணம் என்று நீதிபதியிடம் தெரிவிப்பேன் எனச் சமரசர் தன்னை மிரட்டியதாகவும், முடிவெடுக்கச் சில நிமிடங்களே தந்ததாகவும் அவர் சாட்சியம் சொன்னார். ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள மூன்றாம் நபர் நெருக்கினார் என்பதற்காக ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்வது பொதுவாக முடியாது. ஆனால் நீதிமன்றம் அனுப்பிவைத்த சமரசத்தில் சமரசரே நெறிகளைக் கணிசமாக மீறி அந்த மீறலால் உடன்பாட்டைப் பெற்றிருந்தால், நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சமரசர் உண்மையில் அப்படி நடந்தாரா என்பதைக் கண்டறிய வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. நீதிமன்றம் தன் வாசலில் நிறுத்திய ஒருவரின் தவறுக்கு நீதிமன்றமும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர்.

ஒப்பந்தம் எனக்கு நட்டமாக முடிந்தது. அதுவே புகாருக்குப் போதுமா?

போதாது. நல்ல சமரசர் நடத்திய நேர்மையான பேச்சிலும் ஒருவர் நட்டப்படலாம். புகார் சமரசரின் நடத்தையைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் விளைவைப் பற்றியதாக இருந்தால் எடுபடாது.

சமரசத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்றார்கள். அதைப் புகாரில் எழுதினால் நானே சட்டத்தை மீறியவன் ஆகிவிடமாட்டேனா?

ஆகமாட்டீர்கள். இந்த அச்சத்தாலேயே புகார் கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்வோர் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2004இல் வந்த புளோரிடாவின் சமரச இரகசியச் சட்டம், சமரசத்தின்போது நடந்த தொழில்முறை முறைகேட்டைத் தெரிவிக்கவோ நிரூபிக்கவோ மறுக்கவோ தரப்படும் பேச்சுக்கு இரகசியக் காப்பு இல்லை என்று விதிவிலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விதிவிலக்குக்கு ஓர் எல்லை உண்டு. விசாரிக்கும் அமைப்பின் உள்பயன்பாட்டுக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஆகவே அதே விவரத்தை முகநூலிலோ தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப் குழுவிலோ எழுதினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. தெரிந்தே இரகசியத்தை மீறியவரிடமிருந்து இழப்பீட்டையும் வழக்கறிஞர் செலவையும் மறுதரப்பு கேட்டுப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனக்கொதிப்பில் எழுதிய நாலு வரி உங்கள் நியாயமான புகாரையே பலவீனப்படுத்திவிடும்.

புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

தலைநகர் டாலஹாசியில் உச்ச நீதிமன்றத்தின் கீழ் இயங்கும் புளோரிடா தகராறு தீர்வு மையத்திடம் கொடுக்க வேண்டும். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். அதிலுள்ளவை உண்மை என்று சத்தியப்பிரமாணம் செய்திருக்க வேண்டும். தொலைபேசியில் குமுறிவிட்டு வைத்தால் அது புகார் ஆகாது.

எழுதும்போது "அவர் ஒருதலைப்பட்சமாக நடந்தார்" என்று முடிவை எழுதாமல், என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பேச்சு தொடங்கியது, யார் யார் இருந்தார்கள், சமரசர் எந்தச் சொற்களைச் சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், உங்கள் வழக்கறிஞர் அந்த நேரத்தில் அறையில் இருந்தாரா என்பவைதான் விசாரிப்பவர்களுக்கு உதவும். அன்றிரவே நினைவில் உள்ளதைத் தமிழிலேனும் ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து நினைவு நம்மை ஏமாற்றும்.

கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

புகார் முதலில் மூன்று பேர் கொண்ட குழுவிடம் போகும். நீதிபதி அல்லது வழக்கறிஞர் ஒருவர் தலைமை வகிப்பார். புகாருக்குரிய துறையில் சான்று பெற்ற சமரசர் ஒருவரும் அதில் இருப்பார் என்பதால், குடும்பச் சமரசர் மீதான புகாரைக் குடும்பச் சமரசத்தின் நெளிவுசுளிவு அறிந்தவரும் பார்க்கிறார். நீங்கள் எழுதியது முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் எந்த விதியும் மீறப்படவில்லை என்றால் புகார் அந்த இடத்திலேயே தள்ளுபடி ஆகும். மீறல் இருக்கக்கூடும் என்று தோன்றினால், மீறியதாகச் சொல்லப்படும் விதிகளின் பட்டியலோடு புகாரின் நகல் சமரசருக்குப் போகும். அவர் 20 நாட்களுக்குள் சத்தியப்பிரமாணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும்.

அதன்பின் குழு விசாரணையாளரை நியமிக்கலாம். இரு தரப்பையும் அழைத்துப் பேசலாம். சமரசர் தவறை ஏற்றுக்கொண்டால் அவர் சம்மதத்துடன் தண்டனையை முடிவுசெய்யலாம். அப்படி முடியாமல், போதிய முகாந்திரம் இருப்பதாகக் குழு கருதினால் முறையான குற்றச்சாட்டு பதிவாகி, நீதிபதி தலைமையிலான ஐவர் குழுமத்தின் முன் விசாரணை நடக்கும். அங்கே குற்றச்சாட்டை வாதிட ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்படுவார். புகார் கொடுத்தவர் தன் பணத்தில் வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டியதில்லை. அவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

நிரூபிக்க வேண்டிய அளவு உயர்ந்தது. சாதாரண சிவில் வழக்கைப் போலத் தராசு சற்றே சாய்ந்தால் போதாது. தெளிவானதும் உறுதியாக நம்பவைப்பதுமான சான்று வேண்டும். மூடிய அறையில் ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் நிற்கும்போது இது பெரிய சுமைதான். ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக்கூடிய நடவடிக்கைக்கு அந்த அளவு தேவை என்பதையும் மறுக்க முடியவில்லை.

என்னென்ன தண்டனைகள் உண்டு?

வாய்மொழி எச்சரிக்கை, எழுத்துமூலக் கண்டனம், கூடுதல் பயிற்சி, எந்த வகை வழக்குகளை நடத்தலாம் என்பதில் கட்டுப்பாடு, விசாரணைச் செலவை ஏற்கச் செய்தல், ஓராண்டு வரை சான்றை நிறுத்திவைத்தல், சான்றையே ரத்து செய்தல் ஆகியவை உண்டு. சான்று ரத்தானவர் இரண்டு ஆண்டுகள் கழித்தே மீண்டும் சான்று கோர முடியும். குழுமத்தின் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் சமரசர் மறுஆய்வு கோரலாம்.

குடும்ப வழக்குகளைப் பொறுத்தவரை, கூடுதல் பயிற்சியும் வழக்கு வகைக் கட்டுப்பாடும் வெறும் கண்டனத்தைவிடப் பயனுள்ளவை என்றே நான் கருதுகிறேன். கண்டனக் கடிதம் கோப்பில் கிடக்கும். அந்தச் சமரசரோ அடுத்த வாரமே இன்னொரு தம்பதியின் முன் உட்காருவார்.

புகார் வென்றால் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தானாக ரத்தாகுமா? இழப்பீடு கிடைக்குமா?

இரண்டும் நடக்காது. ஒழுங்கு நடவடிக்கை சமரசரைப் பற்றியது. உங்கள் ஒப்பந்தத்தைத் தொடும் அதிகாரம் அந்தக் குழுமத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தை மாற்ற வேண்டுமென்றால் உங்கள் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும். 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பு பயன்படும் இடம் அதுதான். ஒப்பந்தத்தை ரத்து செய்யும் வழக்கிலும் இரகசியச் சட்டம் விதிவிலக்கு அளித்திருக்கிறது. இழப்பீட்டைப் பொறுத்தவரை, நீதிமன்ற உத்தரவுப்படி சமரசம் நடத்துபவருக்கு நீதிபதிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால் அவர் மீது வழக்குத் தொடுத்துப் பணம் பெறுவது மிகக் கடினம்.

இரண்டு பாதைகளையும் குழப்பிக்கொண்டு, புகாரின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து நீதிமன்றக் கெடுவைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து. கையெழுத்திட்ட வேளையில் உங்கள் வழக்கறிஞர் உடன் இல்லை என்றால் அன்றே அவரை அழையுங்கள். அவர் ஆட்சேபம் தெரிவிக்க விதிகள் தரும் காலம் நாள்கணக்கில்தான் இருக்கிறது.

வீட்டில் வன்முறை நடந்திருக்கிறது. அப்போதும் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டுமா?

சமரசப் பேச்சையே குலைக்கும் அளவுக்குக் குடும்ப வன்முறை வரலாறு இருப்பதாக நீதிமன்றம் கண்டால், தரப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். பேச்சு தொடங்கிய பிறகு ஒருவரின் உடல் பாதுகாப்புக்கு ஆபத்து இருப்பதோ, ஒருவர் பேரம் பேசும் நிலையிலேயே இல்லை என்பதோ தெரியவந்தால் பேச்சை முடித்துக்கொள்வது சமரசரின் கடமை. தெரிந்தும் தொடர்ந்தால் அதுவே புகாருக்கு உரியது.

சமரசர் வழக்கறிஞராகவும் இருக்கிறார். எந்த அமைப்பிடம் போவது?

இரண்டிடமும் போகலாம். சமரசராக நடந்துகொண்டதற்கு மேற்சொன்ன வழி. வழக்கறிஞர் தொழில் நெறியும் மீறப்பட்டிருந்தால், அந்த மாநில வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் புளோரிடா பார் அமைப்பு.

எங்கள் சமரசருக்குச் சான்றே இல்லை. இந்த விதிகள் அவரைக் கட்டுப்படுத்துமா?

நீதிமன்ற உத்தரவு வந்த 10 நாட்களுக்குள் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சான்று இல்லாத ஒருவரையும் சமரசராக முன்மொழியலாம். நீதிமன்றம் அவரை நியமித்துவிட்டால் இதே நெறிகளும் ஒழுங்கு நடைமுறையும் அவருக்கும் பொருந்தும். ரத்து செய்யச் சான்று இல்லாததால், இனி நியமனம் பெற முடியாதபடி தடை விதிக்கப்படும். நீதிமன்றத் தொடர்பே இல்லாமல் நீங்களாக அழைத்துவந்த உறவினரையோ கோயில் நிர்வாகியையோ இந்த விதிகள் தொடாது.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கணவரின் நண்பரே மொழிபெயர்த்தார். இதைப் புகாராகச் சொல்லலாமா?

சொல்லலாம். இருவரும் சமமாகப் பங்கேற்கும் வகையில் பேச்சை நடத்தும் பொறுப்பு சமரசருடையது. மனைவியின் சொற்கள் கணவரின் நண்பர் வாய் வழியாகத்தான் தன்னை வந்தடைகின்றன என்று தெரிந்தும் அவர் பேச்சைத் தொடர்ந்தாரா, வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டாரா, ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக்காட்ட நேரம் கொடுத்தாரா என்பவை முக்கியம். கணவரின் விசாவைச் சார்ந்து வந்து, சொந்த வருமானமோ சொந்தபந்தமோ இல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் கனமானவை. அடுத்த அமர்வு இருக்குமானால், தொடங்குமுன்பே, சார்பற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பொய்ப் புகாரால் ஒரு நல்ல சமரசரின் பெயர் கெட்டுவிடாதா?

தண்டனை விதிக்கப்படும் வரை நடவடிக்கைகள் அனைத்தும் இரகசியமாகவே இருக்கும். தள்ளுபடியான புகார் வெளியே வராது. நெறி பற்றி ஐயம் இருக்கும் சமரசர் முன்கூட்டியே சமரசர் நெறி ஆலோசனைக் குழுவிடம் எழுதிக் கேட்டுக் கருத்துப் பெறலாம். அந்தக் கருத்தை நம்பி நடந்திருந்தால் பின்னால் புகார் வரும்போது அது அவருடைய நல்லெண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படும்.

என் சமரசர் முன்பு தண்டிக்கப்பட்டவரா என்று அறிந்துகொள்ள முடியுமா?

தண்டனை விதிக்கப்பட்ட பிறகு, முறையான குற்றச்சாட்டு முதல் அதற்குப் பின்னுள்ள ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம்; சட்டம் மறைக்கச் சொல்லும் சமரசப் பேச்சு விவரங்கள் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். தகராறு தீர்வு மையத்தைத் தொடர்புகொண்டு, அவருடைய சான்று நடப்பில் உள்ளதா, குடும்ப வகைச் சான்றுதானா, தண்டனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். சமரசரைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உள்ள அந்த 10 நாட்களுக்குள் கேட்டுவிட்டால், பதிலை வைத்து வேறொருவரை முன்மொழிய இன்னும் நேரம் இருக்கும்.